அளவெடுத்த படகு

என் அக்காவுக்கு "செய்யலாமா?" என்று கேட்கத் தெரியாது. "செய்யப் போறேன்" என்று சொல்லத்தான் தெரியும். அதையும் பாதி வேலை முடிந்த பிறகுதான் சொல்வாள். அதனால் அன்று அவள் என் பட்டறைக்கு வந்து, மரத்தூள் படியாத ஒரே நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, "வீட்ல ஒரு படகு கட்டப் போறேன்டா. மரத்துல. மீன் பிடிக்கிற படகு" என்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கேயோ மரம் பார்த்து முடித்தாயிற்று என்று.

நான் தச்சன். கதவு, ஜன்னல், கட்டில், அலமாரி. என் கட்டிலில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கும், அவ்வளவு சுத்தமான மட்டம். மூலைமட்டம் இல்லாமல் நான் சோறு சாப்பிடக்கூட உட்கார மாட்டேன் என்று என் மனைவி சொல்லுவாள். வளைவு எனக்கு ஆகாது. தண்ணீரும் ஆகாது. தண்ணீர் என்றால் எனக்குக் குடிக்க மட்டும்தான் பிடிக்கும்.

"அக்கா, நீ டெய்லர்" என்றேன்.

"ஆமா. அதனால?"

இந்த "அதனால?"வுக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

அக்கா பதினாறு வயதில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் இரண்டு வருடம் பட்டன் துளை மட்டும். ஒரு நாள் முதலாளி கவனமில்லாமல் ஒரு கோட்டுக்கு இரண்டு கையையும் வலது கையாகவே வெட்டிவிட்டார். வாடிக்கையாளர் வந்து நின்றதும் அக்கா பக்கம் கையைக் காட்டினார். அக்கா கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். வாடிக்கையாளரைப் பார்த்து, "உங்களுக்கு ரெண்டும் வலது கையா இருந்தா இது கச்சிதமா இருக்கும் சார்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மறுவாரமே எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய மிஷின் வந்து இறங்கியது. இருபத்தேழு வருடம் ஆகிறது, அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவளும்தான்.

அக்கா யாரையும் முகம் பார்த்து நினைவு வைத்துக்கொள்ள மாட்டாள். தோளைப் பார்ப்பாள், இடுப்பைப் பார்ப்பாள். "யாரு, அந்த முப்பத்தெட்டு இடுப்பா? நேத்துதான் வந்துட்டுப் போனாரு" என்பாள். மாமாவையும் அப்படித்தான் பிடித்தாள். அவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார், ஒரு பெரிய விசைப்படகில் வேலை பார்க்கிற மீனவர், வாட்டசாட்டமான ஆள். அக்கா டேப்பை அவர் முதுகில் வைத்தாள். "வலது தோள் ரெண்டு இன்ச் இறங்கியிருக்கு." "வலை இழுத்து இழுத்து அப்படி ஆயிடுச்சுங்க." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதுவரை ரெடிமேட் சட்டையைப் போட்டுக்கொண்டு கழுத்துப்பட்டி ஒரு பக்கமாய்த் தொங்கத் தொங்க அலைந்த மனிதருக்கு முதல்முறையாக ஒரு சட்டை நேராக உட்கார்ந்தது. அந்த மாதத்திலேயே இன்னும் நாலு சட்டைக்குத் துணி கொண்டுவந்தார். எந்த மீனவனுக்கு மாதம் ஐந்து சட்டை தேவைப்படும்? எங்கள் அப்பாவுக்கே விஷயம் புரிந்துபோயிற்று.

அந்த மாமாவுக்குத்தான் படகு.

எட்டு மாதத்துக்கு முன்னால், வலைக்கயிற்றைச் சுற்றி இழுக்கிற இயந்திரத்தில் அவருடைய இடது கை மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் போட்ட தையலை அக்கா உற்றுப் பார்த்து, "நெருக்கமா, சீராப் போட்டிருக்காரு" என்று பாராட்டக்கூடச் செய்தாள். தையல் நன்றாகத்தான் இருந்தது. விரல்கள்தான் மடங்கவில்லை. கை எப்போதும் விரித்தது விரித்தபடியே இருந்தது. மடங்காத கையால் கயிறு பிடிக்க முடியாது. கயிறு பிடிக்க முடியாதவனைப் படகில் ஏற்ற யாருக்கும் மனமில்லை. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் உட்கார வைத்து, டீ கொடுத்து, "பாக்கலாம்ணே" என்றார்கள்.

மாமா வீட்டில் உட்கார்ந்தார். அக்கா தைத்த பள்ளிச் சீருடைகளுக்கு இஸ்திரி போடத் தொடங்கினார். அதற்கு ஒரு கை போதும், இன்னொரு கை துணியை அழுத்திக்கொண்டால் போதும். நன்றாகவே போட்டார். மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். ஆனால் பேச்சு குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் சுத்தமாக நின்றுபோனது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கேட்டால் தலையாட்டுவார். போட்ட சட்டைக்கே மறுபடியும் இஸ்திரி போடுவார். ஜன்னல் வழியாகக் கடல் தெரியும் என்பதால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இந்த மனுஷன் இஸ்திரி போட்டே செத்துப் போயிடுவாருடா" என்றாள் அக்கா. பட்டறையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சிரிக்காமல், கோபப்படாமல் சொன்னாள். அவள் கோபப்படாமல் பேசினால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"சரிக்கா, ஒரு சின்னப் படகு பழசா வாங்கிக் குடுத்துடலாமே?"

"வாங்குற படகெல்லாம் ரெண்டு கைக்காரனுக்குக் கட்டினது. உங்க மாமாவுக்கு ஒன்றரை கை. ரெடிமேட் ஒத்து வராது. அளவெடுத்துத்தான் கட்டணும்."

இப்படித்தான் நான் வாயைத் திறந்து மாட்டிக்கொண்டேன்.

முதலில் அளவு. அக்கா ஒரு சட்டைக்குத் துணி எடுத்திருப்பதாகச் சொல்லி மாமாவை எழுப்பி நிற்க வைத்தாள். தோள், கை, மார்பு என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். பிறகு உட்காரச் சொல்லி முழங்காலிலிருந்து தரை எவ்வளவு என்று பார்த்தாள். வலது கையை நீட்டச் சொன்னாள், பின்னால் இழுக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள். இடது முழங்கை எவ்வளவு அகலம் என்றுகூட அளந்தாள். மாமாவும் சொன்னபடியெல்லாம் செய்தார். எந்தச் சட்டைக்கு இவ்வளவு அளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

அடுத்து, படகுக்கு ஒரு மாதிரி வேண்டும். கரையில் ஒரு பழைய படகு ஒருக்களித்துக் கிடந்தது, யாரோ கைவிட்டது. சின்னது, மரத்தில் கட்டியது, அழகான மூக்கு. ஒரு நல்ல பழைய சட்டையை வைத்துப் புதுச் சட்டைக்கு அளவெடுப்பது டெய்லர்களுக்குக் கைவந்த கலை. அக்கா ஒரு கட்டுச் செய்தித்தாள், ஒரு டப்பா குண்டூசி, மார்க்கர் சாக் எல்லாம் எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் நுழைந்தாள். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு, ஐயோ யாரோ மாட்டிக்கிட்டாங்க என்று ஓடிவந்து ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள்.

"காலை விடுங்கய்யா! இடுப்பளவு எடுத்துட்டிருக்கேன்!" என்று படகு கத்தியது.

அவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நான் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். எனக்கு அதுவும் பிடிக்காத காட்சிதான்.

மூன்றாவது, துறைமுக அலுவலகம். சின்னப் படகானாலும் பதிவு எண் இல்லாமல் தண்ணீரில் இறக்க முடியாது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக்காரர் படிவத்தை எடுத்து வைத்தார்.

"படகுல எத்தனை பேரு போவீங்க?"

"ஒருத்தர்" என்றாள் அக்கா.

"ஒருத்தர்னு போட இதுல கட்டமே இல்லம்மா. குறைஞ்சது ரெண்டு. ஒருத்தருக்கு ஒண்ணுன்னா இன்னொருத்தர் வேணுமில்ல?"

நியாயமான விதி. அக்கா படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் நின்றாள். என்னைக் காலிலிருந்து தலைவரை ஒரு தடவை பார்த்தாள்.

"ஏன்டா, உன் எடை இப்போ என்ன இருக்கும்?"

நான் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டேன். "எதுக்குக்கா?"

"சொல்லேன்."

"எழுபத்தெட்டு."

"அவ்வளவா?" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அன்று ராத்திரி என் மனைவியிடம் சொன்னேன். தைரியம் சொல்வாள் என்று பார்த்தால், "போயிட்டு வாங்க, நல்லாக் காத்தோட்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு என் நாட்களெல்லாம் இரண்டாவது ஆளைப் பற்றிய கவலையிலேயே கழிந்தன. வேலை செய்துகொண்டே பேச்சுவாக்கில் என் குறைகளை எடுத்துவிடுவேன். எனக்கு முட்டிவலி அதிகமாகிவிட்டது என்பேன். வெயில் ஒத்துக்கொள்வதில்லை என்பேன். ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தலை சுற்றுகிறது என்பேன். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அந்த ரீப்பரைப் பிடி" என்பாள்.

ரீப்பர் என்கிற அந்த மெல்லிய மரச்சட்டம் எதற்கென்றால், துணிப் படகுக்கு.

எந்தத் துணியையும் அக்கா நேராக வெட்டித் தைத்துவிட மாட்டாள். முதலில் மலிவான துணியில் நூலோட்டி, போட்டுப் பார்க்கச் சொல்லி, ஊசி குத்தித் திருத்தி, அப்புறம்தான் நல்ல துணியில் கத்தரிக்கோல் படும். நல்ல மரத்துக்கும் அதே மரியாதை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடத்தில் பலகைகள் வந்து அடுக்கியாகிவிட்டன. அங்கேதான் படகு கட்டப்போகிறோம். கட்டினால் வெளியே போகுமா என்று கேட்காத ஆளே இல்லை, மாமாவைத் தவிர. அக்கா முதல் முதலாக டேப் வைத்ததே பின்வாசல் கேட்டுக்குத்தான். ஆனால் ஒரு பலகையிலும் ரம்பம் வைக்க அவள் என்னை விடவில்லை. "ட்ரையல் பாக்காம வெட்டக் கூடாது" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஆகவே மிஷினைச் சமையலறைக்கு நகர்த்திவிட்டு, முன்னறை முழுக்க, பதினாலு அடி நீளத்துக்கு, மெல்லிய ரீப்பர்களை வளைத்து நான் ஒரு கூடு கட்டினேன், உள்ளே உட்கார அக்கா சொன்ன அளவில் இரண்டு கெட்டிப் பலகை. கூரைக் கொக்கிகளிலிருந்து கயிறு விட்டு அதைத் தொங்கவிட்டோம். யாரோ சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளாத திரைச்சீலைத் துணி நாற்பது மீட்டர் அலமாரியில் கிடந்தது. காகித மாதிரியை அதன்மேல் போட்டு அக்கா வெட்டினாள். டெய்லர்கள் பாதிதான் வெட்டுவார்கள். துணியை இரண்டாக மடித்து ஒரு பாதிக்கு வெட்டினால் பிரிக்கும்போது மறுபாதி தானாக வந்துவிடும். சட்டைக்கு அப்படி, பாவாடைக்கு அப்படி, படகுக்கும் அப்படி. பழைய படகின் ஒரு பக்கத்தைத்தான் அவள் அளந்திருந்தாள். மடித்தாள், வெட்டினாள், பிரித்தாள், கூட்டின்மேல் போர்த்தி நீளநீளமாக நூலோட்டினாள்.

ரோஜா நிறத்தில், வெள்ளைப் பூப்போட்ட ஒரு படகு முன்னறையில் தொங்கியது. சீருடை வாங்க வந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியை குனிந்து அதற்கு அடியில் நுழைந்து மறுபக்கம் எழுந்து, ஒன்றும் கேட்காமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, மறுபடியும் குனிந்து போனார். படித்தவர்களுக்குப் பொறுமை அதிகம்.

ஆனால் எங்கேயோ இடித்தது. படகு நன்றாக இருந்தது, ஆனால் படகு மாதிரி இல்லை. நான் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். வைக்க ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. அக்கா இரண்டடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்போதுதான் பின்னறையிலிருந்து மாமா, கையில் இஸ்திரிப் பெட்டியோடு, என்ன சத்தம் என்று பார்க்க வந்தார்.

பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"இது என்ன, படகா தொட்டிலா?"

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. நானும் அக்காவும் அசையவில்லை. அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

மாமா படகைச் சுற்றி வந்தார். வயிற்றுப் பக்கத்தில் புறங்கையால் தட்டினார். "எதைப் பாத்து வெட்டின?"

"கரையில கிடக்கே, அந்தப் பழைய படகு."

"எந்தப் பக்கம்?"

"கீழ இருக்கிற பக்கம். நிழலா இருந்துச்சு."

"அடிப்பாவி! அது பத்து வருஷமா அந்தப் பக்கம்தான் சாஞ்சு கிடக்கு. மணல்ல அழுந்தி அழுந்தி அது வயிறு வச்சுப் போயிருக்கு. நீ வயிறு வச்ச பக்கத்தை அளந்து அதையே ரெண்டு பக்கமும் ஒட்டி வச்சிருக்க. இதுல வலை போடவா போறாங்க, பிள்ளையைப் போட்டு ஆட்டத்தான் முடியும்."

இருபத்தேழு வருடத்தில் அக்கா வெட்டிய துணியில் யாரும் இப்படிக் குறை சொன்னதில்லை. நான் கதவுப் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். ஆனால் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, "எங்க பிடிக்கணும், காட்டுங்க" என்றாள்.

அவர் காட்டினார், அவள் பிடித்தாள். இங்கே இரண்டு இன்ச், அங்கே ஒன்றரை. மூக்கைத் தூக்கு. பின்பக்கம் அகலம் போதாது. மாமா பேசப் பேச, ரோஜா நிறத் துணி இறுகி இறுகி ஒரு ஒழுங்குக்கு வந்தது. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. பிறகு அவர் ஸ்டூலில் ஏறிப் படகுக்குள் காலை எடுத்து வைத்து, நான் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டினார். எட்டியது. அக்கா எடுத்த அளவுதானே, எட்டாமல் எப்படி?

"வலையை வலது பக்கமா இழுத்துக்கலாம்" என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல. "இழுத்த கயிறு நழுவாம இருக்க இங்க ஒரு கட்டை. இடது முழங்கையை அதுல கொடுத்து அழுத்திக்கிட்டா நிக்கும். நிக்கும்ல மாப்ள?"

"நிக்கும் மாமா! நல்ல கெட்டி மரமாப் போட்டுடறேன்" என்றேன்.

"ஆனா எல்லா பாரமும் வலது பக்கம் வரும். இடது பக்கம் ஒரு ஆள் உக்காரணும்." எதிரே இடது ஓரமாக இருந்த சின்னப் பலகையைப் பார்த்தார். "அங்க யாரு?"

வந்துவிட்டது. எத்தனையோ நாளாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. இனி முட்டிவலி, தலைசுற்றல் எல்லாம் எடுபடாது. நான் அப்படியே கொட்டிவிட்டேன். "என்னை மன்னிச்சுடுங்க மாமா. எனக்குப் பயம். சின்ன வயசிலேருந்தே பயம். எழுபத்தெட்டு கிலோன்னு அக்கா எழுதி வச்சுட்டா, ஆனா என்னால முடியாது."

"உன்னை யாருடா கூப்பிட்டா?" என்றாள் அக்கா. "இந்த பெஞ்சு உன் எடை தாங்குமான்னு பாக்கக் கேட்டேன். நீதானே கூடு கட்ட மேல ஏறி நின்ன?"

சொல்லிக்கொண்டே அவள் துணிப் படகுக்குள் ஏறினாள். எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். முழங்கால் சரியாக மடங்கியது, பாதம் சரியாக அடிச்சட்டத்தில் பதிந்தது. அந்தப் பலகையின் அளவைக் கொடுத்ததே அவள்தான். இவ்வளவு குட்டையாகச் சொல்கிறாளே என்று நான் அப்போதே நினைத்தேன். என் பயத்தில் அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை.

"படிவத்துல ரெண்டாவது பேரு எப்பவோ எழுதியாச்சு" என்றாள்.

மாமா அவளைப் பார்த்தார். "உனக்கு நீந்தத் தெரியுமா?"

அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள். அவளுக்கு எந்தக் கேள்விக்கும் ஒரு "அதனால?" இருக்கும். இதற்கு இல்லை.

"தெரியாது."

"அப்ப முடியாது" என்றார் மாமா. குரலை உயர்த்தவில்லை. படகிலிருந்து இறங்கினார், இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்று நாள் அப்படியே போயிற்று. துணிப் படகு தொங்கிக்கொண்டே இருந்தது. அக்கா அதைக் கழற்றவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. மாமா மறுபடியும் வாயை மூடிக்கொண்டார். பின்னால் பலகைகள் அடுக்கியபடி கிடந்தன. நான் தினமும் போய் அவற்றைத் திருப்பித் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். வெட்டாத மரத்தை வைத்துக்கொண்டு ஒரு தச்சன் வேறு என்னதான் செய்வான்?

நாலாம் நாள் மத்தியானம் மாமா என் பட்டறைக்கு வந்தார். வேலை தேடுவதை விட்ட பிறகு அவர் தெருவைத் தாண்டி வந்ததே அன்றுதான். கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தார். அக்காவின் கருநீலப் பாவாடை ஒன்று.

"மாப்ள, இதை மோந்து பாரு."

"மாமா, அக்கா பாவாடையை நான் எதுக்கு…"

"மோந்து பாருங்கறேன்ல!"

மோந்து பார்த்தேன். துணி வாசனைதான் வந்தது. எனக்கு மரத்தின் வாசனை மட்டும்தான் பிரிக்கத் தெரியும். மாமா பாவாடையை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். இடுப்புவரை வெள்ளை வெள்ளையாகத் திட்டு பூத்திருந்தது.

"இஸ்திரிக்கு எடுத்தேன். சூடு பட்டதும் உப்பு பூத்து வருது. ரெண்டு பாவாடையில இப்படி இருக்கு. தினமும் விடியக்காலையில கடைக்குப் போறேன்னு கிளம்பிப் போறா. இது கடல் தண்ணிடா. இடுப்பளவு இறங்கியிருக்கா. தனியா. நீந்தத் தெரியாதவ!"

எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்த கோபம் மொத்தமாகத் திரும்பி வந்து அந்தப் பாவாடைமேல் நின்றது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் காலை வெளிச்சம் வரும் நேரத்தில் நானும் மாமாவும் அவளுக்குப் பின்னால் போனோம். கரை முனையில் அலை குறைவான ஒரு இடம். அக்கா செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். காலியான பிளாஸ்டிக் கேன் ஒன்றைப் பாவாடை எலாஸ்டிக்கால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தையல்காரியின் முடிச்சு, பார்க்கவே கெட்டியாக இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றாள். ஒரு அலை வந்தது. "இரு இரு இரு" என்று அதனிடம் சத்தம் போட்டாள். அது இருக்கவில்லை. கேனோடு சேர்த்து ஒரு உருட்டு உருட்டியது. எழுந்தாள், துப்பினாள், அலையைக் கண்டபடி திட்டினாள், மறுபடியும் நின்றாள்.

மாமா நேராக நடந்தார். நான் மணலில் நின்றுவிட்டேன். அவர் சட்டையைக் கழற்றவில்லை. தானே இஸ்திரி போட்ட சட்டை, மடிப்பு கலையாமல் தண்ணீருக்குள் போயிற்று. மாதக்கணக்காகக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நொடிகூடத் தயங்காமல் இறங்கினார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். திருடும்போது மாட்டிக்கொண்டவள் மாதிரி விழித்தாள்.

"அறிவிருக்கா உனக்கு?" என்றார் மாமா. கரைவரை கேட்டது.

"இருக்கு. அதனால?"

"கேனை அவிழு முதல்ல. இதைக் கட்டிக்கிட்டா ஜென்மத்துக்கும் நீந்த வராது."

"அவிழ்த்தா முங்கிடுவேன்ங்க."

"நான் இருக்கேன்ல. அவிழு."

அவளுடைய முடிச்சை அவளாலேயே உடனே அவிழ்க்க முடியவில்லை. கடைசியில் கேன் தனியாக மிதந்து கரைக்கு வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன், எனக்கும் ஏதாவது வேலை வேண்டுமே.

"மல்லாக்கப் படு" என்றார் மாமா. "தலையைப் பின்னால சாய். காது தண்ணிக்குள்ள போகட்டும். வயித்தை உள்ள இழுக்காத."

அக்கா அவருடைய இடது கையைப் பார்த்தாள். அவர் அதைத் தண்ணீருக்கு அடியில் நீட்டியிருந்தார். விரித்தபடி, மடங்காமல்.

"பிடிச்சுப்பீங்களா?" என்று கேட்டாள். என் அக்கா யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"பிடிக்க முடியாது" என்றார் அவர். "இந்தக் கையால பிடிக்கத்தான் முடியாது. தாங்க முடியும். படு."

படுத்தாள். கால் முதலில் அடியில் போயிற்று, பிறகு மெல்ல மேலே வந்தது. விரிந்த அந்தக் கை அவள் முதுகுக்கு அடியில் இருந்தது. அவளுக்கு மேலே வானம், காதுக்குள் தண்ணீர், வாய் மூடியிருந்தது. ஒரு அலை வந்து அவளைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. அவள் திட்டவில்லை. நான் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். நானும் முழங்கால்வரை நனைந்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

அன்று மத்தியானம் நல்ல மரத்தில் முதல் ரம்பம் விழுந்தது. படகின் அடியில் நீளமாக ஓடும் கட்டையைத் தகரக் கூரைக்குக் கீழே வைத்தேன். அக்கா உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாமாதான் பக்கத்தில் நின்று, நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துச் சொன்னார்.